தண்ணீரில் உப்புப் போடுபவர்

அந்த ஆய்வுக்கூடத்தில் அவருக்கு உப்புக்காரர் என்று பெயர். மலையைக் குடைந்து போட்ட சுரங்கத்தின் அடியில் ஒரு பெரிய தொட்டி நிறையத் தண்ணீர் இருக்கிறது. கொஞ்சநஞ்சத் தண்ணீர் இல்லை, ஒரு மாடி வீட்டை அப்படியே இறக்கி மூழ்கடித்துவிடலாம். தூசி, காற்று, கிருமி என்று எதுவும் தங்காமல் வடிகட்டி வடிகட்டிக் கண்ணாடிபோல ஆக்கிய தண்ணீர். அதைச் சுத்தமாக வைத்திருப்பதற்கென்றே சம்பளம் வாங்கும் பம்ப் ஆபரேட்டர், இந்தப் பெயரை முதன்முதலாகக் காதில் வாங்கியபோது பதறிப்போய் மேலே ஓடி வந்துவிட்டார்.

"யாருங்க அது உப்புக்காரரு? என் தண்ணியில ஒரு கல்லு உப்பு விழுந்துச்சு, நான் வேலையை விட்டுட்டுப் போயிடுவேன், சொல்லிட்டேன்!"

"உங்க தண்ணியை நான் தொடவே மாட்டேங்க. நான் போடுறது வேற உப்பு," என்றார் அவர்.

அது என்ன உப்பு என்று சொல்வதற்கு முன்னால், அந்தத் தண்ணீர் எதற்கு என்று சொல்லிவிட வேண்டும். எல்லாப் பொருளுக்குள்ளும் அணுக்கள். அணுவின் நடுவில் புரோட்டான். அது சாகாவரம் வாங்கி வந்தது என்றுதான் வெகுகாலம் நினைத்திருந்தார்கள். அப்படியில்லை, அதற்கும் ஒரு முடிவு இருக்கலாம், ஆனால் அதன் ஆயுளுக்கு முன்னால் இந்தப் பிரபஞ்சத்தின் வயதே கண் மூடித் திறக்கும் நேரம்தான் என்று கணக்குப் போட்டவர்கள் சொன்னார்கள். ஒரே ஒரு புரோட்டானை வைத்துக்கொண்டு அது எப்போது சிதையும் என்று உட்கார்ந்திருந்தால் வேலைக்காகாது. அதனால் எண்ணி மாளாத அளவுக்குப் புரோட்டான்களை ஓரிடத்தில் சேர்த்துவைத்து, அதில் ஏதாவது ஒன்று முந்திக்கொண்டு சிதைகிறதா என்று பார்க்கிறார்கள். சேர்த்துவைக்கத் தண்ணீரைவிட மலிவானது இல்லை. வானத்திலிருந்து ஓயாமல் கொட்டும் துகள்கள் குறுக்கே வந்து குழப்பக் கூடாது என்பதற்காகத் தலைக்கு மேல் ஒரு மலை. தொட்டியின் சுவர் நெடுக, பூசணிக்காய் அளவுக் கண்ணாடிக் குமிழ்கள் இருட்டைப் பார்த்து விழித்துக்கொண்டிருக்கும். ஒரு புரோட்டான் சிதைந்தால் தண்ணீரில் ஒரு மினுக்கு. அந்த வெளிச்சம் சுவரில் மூன்று வளையங்களாக விழும். அவ்வளவுதான். அந்த மூன்று வளையங்களை அங்கே யாரும் பார்த்ததில்லை.

ஒன்றுமே நடக்காத இடத்தில் காத்துக்கிடப்பவர்களுக்கு இரண்டு வியாதி வரும். ஒன்று, வந்தாலும் கவனிக்காமல் விட்டுவிடுவது. மற்றது, ஆசை முற்றிப்போய், வராததை வந்ததாகக் காண்பது. இரண்டுக்கும் ஒரே மருந்தாக அந்தக் கூடத்தில் ஒரு வழக்கம் இருந்தது. ஒருவர் மட்டும் கணினியில் போலி மினுக்குகளைச் செய்து, தொட்டியிலிருந்து வரும் தகவலோடு ரகசியமாகக் கலந்துவிடுவார். எப்போது கலந்தார், எத்தனை கலந்தார், கலந்தாரா இல்லையா என்பதுகூட வேறு யாருக்கும் தெரியாது. தேடுகிறவர்கள் கண்ணில் ஏதாவது பட்டால், எல்லாச் சோதனையும் முடித்து, கட்டுரையைக் கடைசி வரி வரை எழுதி முடித்த பிறகுதான் அவர் எழுந்து வந்து சொல்வார். இந்த வேலைக்குத்தான் உப்புப் போடுவது என்று பெயர்.

"சமையல்ல எவ்வளவு உப்பு போடணும்னு இன்னைக்கு வரைக்கும் தெரியாது. தண்ணியில போடுறாராம்," என்பாள் அவர் மனைவி.

அவர் ஒன்றும் பெரிய விஞ்ஞானி இல்லை. மின்னணுவியலில் டிப்ளமோ படித்துவிட்டு, குமிழ்களுக்குக் கேபிள் இழுக்க வந்தவர். இழுத்த கேபிளில் என்ன ஓடுகிறது என்று தெரிந்துகொள்ள ஆசைப்பட்டு, மெல்ல மெல்லக் கணினிப் பக்கம் நகர்ந்தார். அவருக்கு முன்னால் உப்புப் போட்டவர் ஒரு பேராசிரியர். அவரும் வாய் திறக்காதவர்தான். ஆனால் போலி கலந்த வாரங்களில் மட்டும் மனசு கேட்காமல் எல்லோருக்கும் டீ வாங்கிக் கொடுத்துவிடுவார். டீ வந்தால் உப்பு என்று கூடம் முழுக்கத் தெரிந்துபோனது. அதன் பிறகு கூடத்தின் தலைவி, எல்லோரும் மேடம் என்று அழைக்கும் அந்த அம்மாள், முகத்தில் எதுவுமே எழுதாத ஓர் ஆளைத் தேடினார். தன் கல்யாணத்தையே லீவு கேட்ட அன்றுதான் சொன்ன மனிதர் ஒருவர் இருப்பது நினைவுக்கு வந்தது. அதையும் அவராகச் சொல்லவில்லை, காரணம் என்ன என்று கேட்டதால் சொன்னார்.

அந்த முகம் அவருக்கு அம்மா வழியில் வந்தது. அவர் அம்மா ஒரு ரத்தப் பரிசோதனை நிலையத்தில் வேலை பார்த்தவர். தெருவில் பாதிப் பேருடைய ரத்தத்தில் என்ன இருக்கிறது என்று டாக்டருக்கு முன்னால் அவருக்குத் தெரியும். மாலையில் அவர் பையை மாட்டிக்கொண்டு வீடு திரும்பும்போது, வாசலில் நிற்பவர்கள் நலம் விசாரிக்கிற சாக்கில் அவர் முகத்தைப் படிக்கப் பார்ப்பார்கள். நல்ல செய்தி இருந்தால் சிரிக்கலாமே என்று மகன் ஒருமுறை கேட்டான். "நாளைக்குச் சிரிக்காம வந்தா?" என்று அம்மா கேட்டார். அதற்கு மேல் அந்த வீட்டில் அதைப் பற்றிப் பேச்சு இல்லை.

இப்படிப்பட்டவருக்குச் சோதனையாக வந்து சேர்ந்தாள் மச்சினி.

மனைவியின் தங்கை. படிப்பில் புலி, பேச்சில் பட்டாசு. ஆராய்ச்சிப் பட்டம் முடித்து, அதே கூடத்தில், தகவலில் வளையங்களைத் தேடும் குழுவில் தற்காலிக வேலைக்குச் சேர்ந்தாள். அக்கா வீட்டு மாடி அறையில் தங்கினாள். உப்புப் போடுகிறவரும் தேடுகிறவளும் ஒரே வீட்டில் சாப்பிடலாமா என்று கமிட்டியில் கேள்வி வந்தது. "பெண்டாட்டிகிட்டயே ஒண்ணும் சொல்லாத மனுஷன், மச்சினிகிட்டயா சொல்லிடப் போறார்?" என்று மேடம் முடித்துவைத்தார். இதைக் கேள்விப்பட்ட மனைவி, "இந்தச் சான்றிதழைக் கண்ணாடி போட்டு மாட்டி வைங்க," என்றாள்.

ஒருநாள் சாயங்காலம் மச்சினி செருப்பைக்கூடக் கழற்றாமல் உள்ளே ஓடி வந்தாள்.

"அக்கா! மூணு வளையம்! அக்கா, மூணு!"

சாப்பாட்டு மேஜையில் ஈரமாக இருந்த டம்ளரைத் தூக்கித் தூக்கி வைத்து, மூன்று ஈர வட்டங்கள் போட்டுக் காட்டினாள். இரண்டு பளிச்சென்று இருந்ததாம். மூன்றாவது மங்கல், இரண்டாவதன் மேல் பாதி ஏறிக் கிடந்ததாம். கணினி அதை இரண்டு என்றே எண்ணித் தள்ளிவிட்டதாம். இவள்தான் விடாமல் தோண்டி எடுத்திருக்கிறாள்.

அவர் மேஜையைப் பார்த்தார். மூன்றாவது வளையத்தை மங்கலாக்கி, இரண்டாவதன் மேல் பாதி ஏற்றிவைத்தவர் அவர்தான். பொறுமையான கண்ணுக்கு மட்டும் அகப்படட்டும் என்று ஒரு வாரம் உட்கார்ந்து செய்த வேலை. யாருக்கும் அகப்படாது என்றுதான் நினைத்திருந்தார்.

"சாப்டியாம்மா?" என்றார்.

"பாரேன் இவரை! உலகமே தலைகீழா ஆயிருக்கு, சாப்டியான்னு கேக்குறார்," என்று மச்சினி சிரித்தாள். சிரித்துக்கொண்டே அக்காவின் தோளில் முகம் வைத்தாள். "அக்கா, இதுவரைக்கும் யாருமே பாக்காததை நான் பாத்திருக்கேன்க்கா. இல்ல, உப்பாவும் இருக்கலாம். தெரியும். ஆனா பாத்திருக்கேன்." அழுகிறாளா சிரிக்கிறாளா என்று சொல்ல முடியவில்லை.

அவர் எழுந்து கை கழுவப் போனார். சற்று முன்புதான் கை கழுவிவிட்டு வந்து உட்கார்ந்திருந்தார். அதை யாரும் கவனிக்கவில்லை.

விவகாரம் இதோடு நின்றிருந்தால் அவர் பாடு கஷ்டமில்லை. கண்டவர்கள் ஆறேழு மாதம் தலையைப் பிய்த்துக்கொண்டு சோதிப்பார்கள், பிறகு திறந்து சொல்லிவிடலாம். ஆனால் அடுத்த வாரமே மச்சினிக்கு, ரயிலில் பாதி நாள் தொலைவில் இருந்த ஒரு கல்லூரியில் நிரந்தர வேலை கிடைத்தது. எப்போதோ விண்ணப்பித்து, மறந்தே போயிருந்தாள். மாதக் கடைசிக்குள் வருகிறேன், வரவில்லை என்று சொல்லியாக வேண்டும். இங்கே அவளுடைய ஒப்பந்தம் வருடத்தோடு முடிகிறது. நீட்டிப்பார்களா என்பது யாருக்கும் தெரியாது. கூடத்தில் ஒரு விதியும் இருந்தது. வேலையை விட்டுப் போகிறவர் அன்றோடு தகவலைத் தொட முடியாது. அவர் கண்டதை மீதி இருப்பவர்கள் எடுத்துச் செய்வார்கள், கட்டுரையில் அவர்கள் பெயர்தான் முன்னால் நிற்கும்.

"நான் போகல," என்றாள் மச்சினி. "என் குழந்தையை அடுத்தவங்க கையில குடுத்துட்டுப் போக எனக்கென்ன தலையெழுத்தா?"

அன்றைக்கு அடுப்பங்கரையில் மனைவி அவரை மடக்கினாள். கையில் கரண்டி இருந்தது.

"ஏங்க, நான் உங்ககிட்ட ரகசியம் கேக்கல. அவ போகலாமா வேண்டாமான்னு மட்டும் சொல்லுங்க."

"அதுவும் இதுவும் ஒண்ணுதான்."

"தலையை ஆட்டினாப் போதும். இப்படியா, இப்படியா?"

அவர் ஆட்டவில்லை.

"கல்லைக் கட்டிக்கிட்டிருந்தாக்கூட மழையில கொஞ்சம் நனைஞ்சிருக்கும்," என்று சொல்லிவிட்டு அவள் அடுப்பின் பக்கம் திரும்பிக்கொண்டாள். அவள் முதுகைப் பார்த்தபடி அவர் நின்றார். அவளுக்கு இருப்பது ஒரே தங்கை. பெற்றவர்கள் இல்லாத வீட்டில் அவளை வளர்த்து ஆளாக்கியதே இவள்தான். நிரந்தர வேலை என்ற வார்த்தைக்காக அக்காவும் தங்கையும் எத்தனை வருடம் காத்திருந்தார்கள் என்பது அவருக்குத் தெரியும். அது ஒரு போலி வெளிச்சத்துக்காகக் கைநழுவப் போகிறது. அந்தப் போலியைச் செய்தது அவருடைய கை.

மச்சினி அவரிடம் நேராகக் கேட்டது ஒரே ஒரு தடவை. கூடத்துக்குப் போகிற பஸ்ஸில், பக்கத்துச் சீட்டில்.

"அத்தான், உப்பைப் பத்திக் கேக்கல. சும்மா அத்தானா ஒரு யோசனை சொல்லுங்க. போகவா, இருக்கவா?"

"போ. அது நிஜமா இருந்தாலும் போன்னுதான் சொல்லுவேன்."

"பொய்யா இருந்தா?"

"அப்பவும் போன்னுதான் சொல்லுவேன்."

"அப்போ உங்க யோசனையை வச்சுக்கிட்டு நான் என்ன பண்றது?" என்று கேட்டுவிட்டு அவள் ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டாள். அவர் மனதாரச் சொன்னதுதான். ஆனால் அவர் வாயிலிருந்து வருகிற எந்த வார்த்தையையும் அவள் திருப்பித் திருப்பிப் பார்த்து, பின்னால் என்ன ஒட்டியிருக்கிறது என்றுதான் தேடுவாள். உப்புக்காரர் வாயால் யாருக்கும் உதவி செய்ய முடியாது என்பது அன்றைக்கு அவருக்கு உறைத்தது.

அடுத்த இரண்டு நாளும் அவர் சுரங்கத்தின் அடியில்தான் இருந்தார். காலணியைக் கழுவி, வெள்ளை மேலங்கி மாட்டிக்கொண்டு, தொட்டியின் மேல்தளத்தில் பெட்டி பெட்டியாகக் கேபிள் முனைகளைச் சோதித்துக்கொண்டு போனார். கீழே பம்ப் உறுமிக்கொண்டிருந்தது. எந்தக் காரியத்தைச் செய்யலாம் என்று நினைத்தாலும், ஒரே கேள்வியில் உரசிப் பார்த்தார். அது நிஜமாக இருந்தாலும் இதைச் செய்வேனா? உண்மையைத் திறந்து சொல்லும் நாளைச் சீக்கிரமாக வைக்கச் சொல்லலாமா? நிஜமாக இருந்தால் கேட்கமாட்டார், ஆகவே கூடாது. கல்லூரியிடம் கொஞ்சம் பொறுக்கச் சொல்லலாமா? பொறுக்கச் சொன்னாலே நிஜம் என்று சொன்னதாகிவிடும், அதுவும் கூடாது. அவளை எப்படிப் போகவைப்பது என்று யோசிப்பதை விட்டுவிட்டு, போகிறவள் எதை இழக்கிறாள் என்று யோசித்தபோதுதான் வழி தெரிந்தது. மேலே வந்து மேலங்கியைக் கழற்றிப்போட்டுவிட்டு நேராக மேடத்தின் அறைக்குப் போனார்.

அவராக வந்து நிற்பதைப் பார்த்ததும் மேடம் கண்ணாடியைக் கழற்றி வைத்தார்.

"வேலையை விட்டுப் போறவங்க தகவலைத் தொடக் கூடாதுன்னு ஒரு விதி இருக்கு மேடம். அதை எடுத்துடணும். ஆரம்பிச்சதை எங்க இருந்தாலும் முடிக்கலாம், பேரும் அவங்க பேராவே இருக்கும்னு ஆக்கணும். யாரா இருந்தாலும்."

மேடம் அவரையே பார்த்தார்.

"உங்க மச்சினி போகணும்னு ஆசைப்படுறீங்க. அப்போ அது உப்பு. எனக்குத் தெரிஞ்சுபோச்சு. இப்படி வந்து நிக்கலாமா நீங்க?"

"அப்படியா மேடம்?"

"இருங்க. உப்பா இருந்தா பேரு யாருக்கு வேணும்? ரத்தாகப் போற கட்டுரையில பேரு முன்னால இருந்தா என்ன, பின்னால இருந்தா என்ன? பேரு போயிடக் கூடாதுன்னு கேக்குறீங்க. அப்போ நிஜம்." மேடம் நாற்காலியில் நிமிர்ந்து உட்கார்ந்தார். "நிஜமா?"

அவருடைய முகம், கேபிள் ஸ்டாக் தீர்ந்துவிட்டது என்று சொல்ல வந்தவரின் முகம்போல இருந்தது.

மேடம் மனதுக்குள் மறுபடியும் உப்பு என்ற பக்கம் போனார், நிஜம் என்ற பக்கம் வந்தார். கடைசியில் கண்ணாடியை எடுத்து மாட்டிக்கொண்டு சிரிக்க ஆரம்பித்தார். "எத்தனை நாள் யோசிச்சீங்க இதை?"

"ரெண்டு நாள் ஆச்சு மேடம்."

"போங்க. கமிட்டியில வைக்கிறேன். நியாயமான விஷயம்தான், இத்தனை வருஷம் யாருக்கும் தோணல."

விதி மாறியது. மச்சினிக்குப் போவதா இருப்பதா என்ற கேள்வியே இல்லாமல் போயிற்று. பெட்டி கட்டும்போது மட்டும் ஒரு சந்தேகம் வந்து, மாடிப்படியில் நின்று கத்தினாள். "அக்கா, விதியை மாத்தச் சொன்னது இவர்தானாம்! அப்போ நிஜம்தான்னு நினைக்கிறேன். இல்ல... இரு..."

"ஏய், ரயிலுக்கு நேரமாச்சுடி! புரோட்டான் நிக்கும், ரயில் நிக்காது," என்றாள் அக்கா.

அதன் பிறகு வந்த மாதங்களைப் பற்றி அவர் யாரிடமும் பேசியதில்லை. மச்சினி கல்லூரியில் பாடம் நடத்திவிட்டு, மிச்ச நேரமெல்லாம் அந்த மூன்று வளையங்களோடு கிடந்தாள். ஞாயிற்றுக்கிழமை தவறாமல் வீட்டுக்குப் போன் செய்து, இன்றைக்கு இந்தச் சோதனையிலும் தேறிவிட்டது, அந்தச் சோதனையிலும் தேறிவிட்டது என்று குழந்தையின் மார்க்கைச் சொல்வதுபோலச் சொல்வாள். போன் ஒலிபெருக்கியில் இருக்கும். அவர் பக்கத்தில் உட்கார்ந்து துணி மடித்துக்கொண்டிருப்பார். மடிப்பு ஒன்றுகூடக் கோணாது. கூடத்திலும் விதவிதமாக நூல் விட்டுப் பார்த்தார்கள். பம்ப் ஆபரேட்டர்கூட, "சார், டீ வாங்கித் தர்றீங்களா?" என்று கேட்டுப் பார்த்தார். அவர் வாங்கித் தந்தார். மறுநாளும் வாங்கித் தந்தார். போலியே கலக்காத காலத்திலும் அவர் ஆபரேட்டருக்கு டீ வாங்கித் தந்ததுண்டு, கேட்டால் தருகிற மனிதர். ஆபரேட்டர் தலையில் கை வைத்துக்கொண்டார்.

திறக்கும் நாள் வந்தது. கூட்ட அறையில் நாற்காலி போதாமல் பின்சுவரோரம் ஆட்கள் நின்றார்கள். மச்சினி முதல் ரயிலில் வந்து, இரண்டாவது வரிசையில் உட்கார்ந்திருந்தாள். கட்டுரை கடைசி வரி வரை தயார். எல்லோரும் கை தூக்கிச் சம்மதம் சொன்ன பிறகு, அவர் எழுந்து முன்னால் போய் மேஜைக் கணினியில் கடவுச்சொல்லை அடித்தார்.

திரையில் இரண்டு வரி வந்தது. கலந்தவை இரண்டு. முதலாவது, அவளுடையது.

யாரோ "ஐயோ" என்றார்கள். மேடம் கண்ணை மூடித் திறந்தார். அவர் மேஜையை விட்டு நகரவில்லை. அவர் அந்த அறையில் அவ்வளவு நீளமாகப் பேசி யாரும் கேட்டதில்லை. "இதைப் பிடிக்க முடியாதுன்னு நினைச்சுத்தான் போட்டேன். மூணாவது வளையம் கணினிக்கே தெரியாது. பிடிச்சிருக்காங்க. இந்தத் தொட்டியில இதே மாதிரி நிஜமா ஒண்ணு வந்தா இனிமே தப்பாது." 

மச்சினி அவரைப் பார்க்கவில்லை. திரையைப் பார்த்துக்கொண்டிருந்தாள். பிறகு தொண்டையைச் செருமினாள்.

"ரெண்டாவது எங்க?"

யாருக்கும் புரியவில்லை.

"ரெண்டு போட்டிருக்கார். நாம ஒண்ணுதான் பாத்திருக்கோம். இன்னொண்ணு எங்க போச்சு? அதை எப்படி விட்டோம்?" அவள் நிறுத்தாமல் கேட்டுக்கொண்டே போனாள். அரை மணி நேரத்தில் அறை முழுக்க அந்தத் தவறிப்போன இரண்டாவதைப் பற்றியே பேசிக்கொண்டிருந்தது. அது ஒரு பழுதான குமிழின் பக்கம் விழுந்திருந்ததால், கணினி அதைக் கோளாறு என்று வடிகட்டித் தள்ளியிருந்தது. கடைசியில் வெளியான கட்டுரை, எதுவும் காணவில்லை, புரோட்டானின் ஆயுள் நாம் நினைத்ததைவிட இன்னும் நீளம் என்று சொன்னது. "அதுக்கு வயசு கூடிக்கிட்டே போகுது, நமக்குத்தான் குறைஞ்சுக்கிட்டே வருது," என்றார் பம்ப் ஆபரேட்டர்.

அன்று மச்சினி வீட்டுக்கு வராமலே திரும்பிப் போய்விட்டாள். ஞாயிற்றுக்கிழமை போன் வந்தது, ஆனால் ஒலிபெருக்கியில் போடாதே என்று அக்காவிடம் சொல்லியிருந்தாள்போல. மனைவி போனைக் காதில் வைத்துக்கொண்டு அடுத்த அறைக்குப் போவாள். அவர் துணி மடிப்பார். அந்த வாரங்களில் ஒரு தடவை, சட்டையைக் கையில் வைத்துக்கொண்டே வெகுநேரம் உட்கார்ந்திருந்ததை மனைவி பார்த்தாள். பக்கத்தில் வந்து உட்கார்ந்து சட்டையை வாங்கி அவளே மடித்தாள். "சரியாயிடும்ங்க. அவ கோவம் எனக்குத் தெரியாதா," என்றாள்.

விடுமுறைக்கு மச்சினி வந்தாள். பெட்டியை வாசலிலேயே வைத்தாள். "ரொம்ப நாள் கோவமா இருந்தேன் அத்தான்," என்றாள் எடுத்த எடுப்பிலேயே. "ஒரே ஒரு தடவை முகத்தைச் சுளிச்சிருந்தாக்கூட நான் பிழைச்சிருப்பேன்னு நினைச்சு நினைச்சுக் கோவம். அப்புறம், சுளிச்சிருந்தா அந்தச் சோதனை ஒண்ணையாவது நான் ஒழுங்காச் செஞ்சிருப்பேனான்னு யோசிச்சுப் பாத்தேன்." பதிலுக்குக் காத்திருக்கவில்லை. உள்ளே வந்து நாற்காலியை இழுத்துப் போட்டுக்கொண்டு, வேறு பேச்சுக்குப் போய்விட்டாள்.

கல்லூரி மொட்டைமாடியில் மாணவர்களை வைத்து, வானத்திலிருந்து விழும் துகள்களை எண்ணும் சின்னக் கருவி ஒன்று கட்டியிருக்கிறாளாம். பிள்ளைகள் கெட்டிக்காரர்கள்தான். ஆனால் ஆசைப்பட்டதையே பார்க்கிறார்களாம்.

"நீங்க வந்து போடணும் அத்தான். எப்போ, எத்தனைன்னு எல்லாம் நீங்களே பாத்துக்குங்க. எனக்கும் தெரியக் கூடாது."

மனைவி தட்டு வைத்துக்கொண்டிருந்தவள் நிமிர்ந்தாள். "ஏண்டி, ஒரு தடவை பட்டது போதாதா உனக்கு?"

"எத்தனை கவுன்ட்டர் வச்சிருக்கே?" என்று கேட்டார் அவர்.

"நாலு."

"தகவல் எதுல பதிவாகுது?"

அவள் சொல்ல ஆரம்பித்தாள். அவர் நாற்காலியை அவள் பக்கம் கொஞ்சம் நகர்த்திப் போட்டுக்கொண்டார். சாப்பாடு ஆறிக்கொண்டிருக்கிறது என்று மனைவி ஒருமுறை சொன்னாள், இருவர் காதிலும் விழவில்லை. இரண்டாவது தடவை சொல்லாமல், தானும் உட்கார்ந்து கேட்டுக்கொண்டிருந்தாள்.